இரட்சிப்பை இழக்க முடியுமா? டோர்ட் நகரத்து மாமன்றமும் ஒரு பழைய வினாவும்



மலாக்காவிற்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் சிவப்பு நிறத் தேவாலயத்தின் முன் நின்றுகொண்டு என்னைக் கேட்டான்: "ஐயா, மேட்டின்மேல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறதே; டச்சுக்காரர்கள் ஏன் இன்னொன்று கட்டினார்கள்? இருவரும் கிறிஸ்தவர்கள்தாமே?" முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் சீர்திருத்தச் சபையினர் என்று சுருக்கமாகச் சொல்லிப் பேருந்தை நோக்கி நடந்தேன். 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் முதலில் அந்த மேட்டுக் கோயிலிலேயே வழிபட்டனர். 1753-இல்தான் இந்தப் புதிய ஆலயத்தைக் கட்டி முடித்தனர் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சபை எதை நம்பியது என்று அவன் மேலும் கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திராது. வீடு திரும்பிய பின் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கிறிஸ்தவர்கள் இரட்சிப்பு என்றும் மீட்பு என்றும் வழங்குவது, பாவத்தினின்றும் அதன் தண்டனையினின்றும் இறைவன் மனிதனை விடுவிப்பதாகும். அதைப் பெற்ற ஒருவர் பின்னாளில் வழுவிப்போனால் அதை இழந்துவிடுவாரா? இவ்வினா இன்றும் அவர்களிடையே எழுவதுண்டு. யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைக் காட்டி, மேய்ப்பனின் கையிலிருந்து ஆடுகளை ஒருவராலும் பறிக்க இயலாது என்பர் ஒரு சாரார். எபிரெயர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தைக் காட்டி, ருசி பார்த்தபின் விழுந்துபோவோர் உண்டே என்பர் மறுசாரார். நானூறு ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தில் இவ்வினாவைச் சுற்றி ஓர் அரசியலே கவிழ்ந்தது; முதியவர் ஒருவரின் தலையும் உருண்டது.

யாக்கோபஸ் அர்மீனியஸ் என்பவர் ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்து, 1603-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியரானவர். அவர் மாணவராக இருந்த 1575-இல், ஸ்பானியப் படை அவருடைய சொந்த ஊரான ஔடவாட்டரைச் சூறையாடி அவருடைய குடும்பத்தாரைக் கொன்றது. எனவே, ஸ்பெயினுக்கு உள்ளுக்குள் துணைபோகிறவர் என்று பிற்காலத்தில் அவர்மேல் எழுந்த முணுமுணுப்பு எவ்வளவு கொடியது என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். யார் இரட்சிக்கப்படுவார் என்பதை இறைவன் மனிதனின் விசுவாசத்தைப் பொருட்படுத்தாமல் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையை அவர் ஏற்கவில்லை. அவருடன் பணியாற்றிய பேராசிரியர் பிரான்சிஸ்கஸ் கோமாரஸ் அவரைக் கடுமையாக எதிர்த்தார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரட்சிப்பை இழக்கலாம் என்று போதித்தவர் அர்மீனியஸ் என்றே பலரும் எழுதுகின்றனர். அவர் 1608-இல் ஹாலந்து மாநில மன்றத்தின் முன் அளித்த விளக்கம் அவ்வாறு இல்லை. உண்மை விசுவாசி அடியோடு விழுந்து அழிந்துபோவார் என்று தாம் ஒருபோதும் போதித்ததில்லை என்றும், ஆயினும் அப்படிப் பொருள்தரும் வேதப் பகுதிகள் இருப்பதை மறைக்க இயலாது என்றும் கூறினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1610-இல் அவர் வழிநின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூற்றுகள் அடங்கிய முறையீட்டு மனு ஒன்றை மாநில மன்றத்திடம் அளித்தனர். முதல் நான்கில் தங்கள் கொள்கையைத் திட்டமாகச் சொன்னவர்கள், ஐந்தாவதில் விசுவாசி வழுவிப்போகக் கூடுமா என்ற இடத்திற்கு வந்ததும் நின்றுவிட்டனர். இதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய்ந்தறிந்த பின்னரே முழு உறுதியுடன் போதிக்க முடியும் என்பது அவர்களின் நிலைப்பாடு.

பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற முதல் பாடமே இதுதான் அல்லவா? தெரியாததை வகுப்பில் தெரிந்ததுபோல் சொல்லாதே என்பார்கள். அந்த ஐந்தாம் கூற்றைப் படித்தபோது அம்மனிதர்கள்மேல் எனக்கு மதிப்பு பிறந்தது.

ஆனால் காலம் அவர்களுக்குப் பொறுமை காட்டவில்லை. ஸ்பெயினுடனான விடுதலைப் போர் 1609-இல் செய்யப்பட்ட பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தத்தால் ஓய்ந்திருந்தது. வெளிப்பகை அடங்கியதும் உட்பகை தலைதூக்கியது. போர்நிறுத்தத்தை முன்னின்று செய்தவர் ஹாலந்தின் தலைமை வழக்குரைஞர் யோகான் ஓல்டன்பார்னவெல்ட். அதை விரும்பாதவர் படைத்தலைவர் மோரிஸ் இளவரசர். சமயப் பூசலில் தலையிட்டு அமைதி காக்கும் உரிமை மாநில மன்றத்திற்கே உண்டு என்று கருதிய முன்னவர், முறையீட்டாளர்களுக்குப் பாதுகாப்பளித்தார். பின்னவர் எதிரணியின் பக்கம் சாய்ந்தார். ஊர்கள் தாமே காவற்படை திரட்டலாம் என்று ஹாலந்து மன்றம் 1617-இல் தீர்மானித்ததும் பூசல் முற்றியது. 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்டும், அவருக்குத் துணைநின்ற சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸும் சிறைப்பட்டனர்.

அதன் பிறகே மாமன்றம் கூடியது. 1618 நவம்பர் 13 தொடங்கி 1619 மே மாத இறுதிவரை டோர்ட்ரெக்ட் நகரில் நடந்த அதற்கு இங்கிலாந்து, ஜெனீவா, சுவிட்சர்லாந்து, ஜெர்மானியப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்தும் பேராளர்கள் வந்திருந்தனர். சைமன் எபிஸ்கோபியஸ் தலைமையில் அழைக்கப்பட்ட முறையீட்டாளர்கள், சமமாக உரையாட வந்த பேராளர்களாக அன்றி, விசாரணைக்கு உரியவர்களாகவே நடத்தப்பட்டனர். 1610-இல் திறந்தே விடப்பட்ட அந்த ஐந்தாம் வினாவிற்கு இப்போது அவர்கள் விடை எழுதித் தந்தனர்: உண்மை விசுவாசிகளும் தங்கள் குற்றத்தால் விழுந்து, இறுதியில் அழியக் கூடும். எட்டாண்டுப் பூசல் ஐயத்தை முடிவாக இறுக்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரணை நடைமுறையைக் குறித்து நீண்ட வாக்குவாதம் நடந்தது. 1619 ஜனவரி 14 அன்று தலைவர் போகர்மன் அவர்களைச் சினத்துடன் வெளியேற்றினார். அவர்கள் இல்லாமலேயே மாமன்றம் அவர்களுடைய எழுத்துகளைக் கொண்டு முடிவு செய்தது.

நிற்க. வென்றவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் எழுதிவிட்டால் அதுவும் நியாயமாகாது. மாமன்றத்தின் ஐந்தாம் பகுதி விசுவாசிகள் விழவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. தாவீதையும் பேதுருவையும் எடுத்துக்காட்டி, பெரும் பாவத்திலும் அவர்கள் விழக் கூடும், இறைவனின் அருளை உணர முடியாமல் சில காலம் தவிக்கவும் கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. ஆயினும் இறைவன் அவர்களை முற்றிலும் கைவிடாமல் மனந்திரும்பச் செய்து காப்பார் என்கிறது. இவ்வுறுதி சோம்பலை வளர்க்காது, நன்றியையே வளர்க்கும் என்றும் வாதிடுகிறது. தன் பலத்தை நம்ப அஞ்சுகின்ற ஒருவருக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. மறுபுறம், எச்சரிக்கைக்கு உண்மையான பொருள் இருந்தால்தான் அது எச்சரிக்கை என்று முறையீட்டாளர்கள் சொன்னதும் விளங்குகிறது.

விளங்காதது அதன்பின் நடந்ததுதான். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தனர். பணிந்து வாழ இசையாத பலர் நாடு கடத்தப்பட்டனர். 1619 மே 13 அன்று, தம் 71ஆம் வயதில், ஓல்டன்பார்னவெல்ட் தி ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். குற்றச்சாட்டு அரசுத் துரோகம். விடுதலைப் போரின் தொடக்கக் காலந்தொட்டு நாட்டிற்கு உழைத்தவர் அவர். குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை.

இந்தக் குரோஷியஸ் நமக்கு அந்நியர் அல்லர். 1603-இல் சிங்கப்பூருக்கு அருகே, ஜொகூர் ஆற்று முகத்துவாரப் பகுதியில் 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தனர். அச்செயலை நியாயப்படுத்த எழுதத் தொடங்கியதிலிருந்துதான், கடல் எந்நாட்டிற்கும் தனியுடைமை ஆகாது என்னும் அவரது 1609ஆம் ஆண்டு நூல் பிறந்தது. லூவஸ்டைன் கோட்டையில் அடைபட்டிருந்த அவருக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் வந்து போயின. காவலர்கள் நாளடைவில் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டதை அவருடைய மனைவி மரியா கவனித்தார். 1621 மார்ச்சில் நூல்களுக்குப் பதிலாகக் கணவரை அப்பெட்டிக்குள் படுக்கவைத்து அனுப்பினார். பணிப்பெண் எல்ஸ்யே பெட்டியுடன் படகில் சென்றார். தம்மிடம் இருப்பதே அந்த உண்மைப் பெட்டி என்று நெதர்லாந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் உரிமை கொண்டாடுகின்றன!

மோரிஸ் 1625-இல் இறந்த பின் கெடுபிடி தளர்ந்தது. எபிஸ்கோபியஸ் நாடு திரும்பி, 1634-இல் ஆம்ஸ்டர்டாமில் முறையீட்டாளர்களின் இறையியல் கல்லூரியில் போதிக்கத் தொடங்கினார். டோர்ட் முடிவுகளோ டச்சுச் சீர்திருத்தச் சபையின் அறிக்கைகளுள் ஒன்றாக நிலைத்தன. மலாக்காவிற்கு வந்தது அச்சபையே. அந்தச் சிவப்பு ஆலயம் பிரிட்டிஷார் காலத்தில், 1838-இல், ஆங்கிலிக்கன் சபையிடம் சென்றது.

தோற்ற தரப்பின் கருத்தும் வேறொரு வழியாக இங்கே வந்து சேர்ந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1778-இல் தாம் வெளியிடத் தொடங்கிய மாத இதழுக்கு அர்மீனியஸின் பெயரையே சூட்டினார். அந்த மெதடிஸ்ட் சபை 1885-இல் சிங்கப்பூரில் காலூன்றிப் பின் தீபகற்பத்திலும் பரவியது. அவ்வாலயங்களில் தமிழில் வழிபடும் குடும்பங்கள் நம் பள்ளிகளிலும் உண்டு. என்னிடம் கேட்ட அந்த மாணவனும் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைதான். இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அவன் தந்தையிடம் இக்கட்டுரையின் படி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.