மூவாயிரம் பவுனும் மூன்று டாலரும்

1695ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டனில் ஒரு கனவான் தமக்கு மனைவி வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அந்தப் பத்திரிகையை நடத்தியவர் ஜான் ஹௌட்டன் என்னும் மருந்து வியாபாரி. விவசாயமும் வர்த்தகமும் விருத்தியடைய வேண்டும் என்பது பத்திரிகையின் நோக்கம். கோதுமை என்ன விலை, நிலக்கரி என்ன விலை என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். அந்த விலைவாசிகளின் அக்கம்பக்கத்தில்தான் நம் கனவானும் வந்து நின்றார். வயது சுமார் 30. நல்ல ஆஸ்தி உண்டு. ஏறக்குறைய 3,000 பவுன் சொத்துள்ள குலஸ்திரீ யாராவது இருந்தால் மணந்துகொள்ளச் சித்தமாயிருக்கிறார். அந்தக் காலத்தில் 3,000 பவுன் என்பது மிகப் பெரிய தொகை. அதைக் கேட்கிறவர், ஏதோ உபகாரம் செய்ய முன்வந்தவரைப் போல் 'சித்தமாயிருக்கிறேன்' என்கிறாரே, அந்தத் தோரணையை என்னவென்று சொல்வது! 'மணமகள் தேவை' படித்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இது அப்படியொன்றும் புதிதாகத் தோன்றாது.

இன்றைக்கு அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. 'டேட்டிங் செயலி' என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் அதன் மூலம் அறிமுகமாகி, பேசிப் பார்த்து, பிடித்தால் சந்திக்கிறார்கள். பலவற்றில் சேருவதற்குக் காசு இல்லை, இனாம். இது நல்லதா, கெட்டதா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கிறது. எனக்கோ அந்த 'இனாம்' என்ற வார்த்தையின் பேரில்தான் சந்தேகம். சரித்திரத்தைப் புரட்டினால், துணை தேடுகிறவனிடம் யாராவது ஒருவர் எதையாவது வசூலித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். யாருக்குத் தேவை அதிகமோ, அவனிடம் அதிகமாகவே வசூலித்திருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளும் ரயிலும் வந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்தில் வந்து குவிந்தார்கள். சொந்தமும் அண்டை வீடும் கோயில் திருநாளும் சேர்த்துவைத்த காரியத்தைப் பட்டணத்தில் செய்ய ஆள் இல்லை. ஆகவே பத்திரிகை விளம்பரங்கள் பெருகின. அவை எல்லாம் பெரும்பாலும் கல்யாண விளம்பரங்கள்தான். அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

1915இல் ஆல்பிரட் பாரெட் என்பவர் லண்டனில் ஆரம்பித்த 'தி லிங்க்' என்னும் பத்திரிகை வேறு ரகம். இந்தப் பாரெட் நம்மைப் போல் கதை எழுதிப் பிழைத்தவர், ஹாஸ்ய நாவலாசிரியர். 'ஆர். ஆண்டம்' என்ற புனைபெயரில் எழுதினார். குறிக்கோளில்லாமல் என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையை உடைத்துச் செய்த வேடிக்கைப் பெயர் அது. அவருடைய பத்திரிகையில் கல்யாணம் என்ற நிபந்தனையே கிடையாது. தோழமை வேண்டும், கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும், மாலையில் சேர்ந்து உலாவ ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் செய்தால் போதும். அப்போது முதல் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்முனையிலிருந்து சிப்பாய்கள் எழுதினார்கள். உத்தியோகம் பார்த்துக்கொண்டு தனியாக வசித்த பெண்கள் எழுதினார்கள். ஆணை நாடிய ஆண்களும் ஜாடையான சொற்களில் எழுதினார்கள். இவர்களுக்கு வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் தளர்ந்ததே 1967இல்தான்.

கடிதங்கள் சில போலீஸார் கையில் சிக்கின. 1921இல் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. பாரெட்டுக்கு 2 வருஷக் கடுங்காவல். அவருடன் விளம்பரக்காரர்களும் சிறைக்குப் போனார்கள். பத்திரிகை மறைந்தது. தனிமையாயிருக்கிறது என்று அச்சில் சொன்னதற்கு அவர்கள் கொடுத்த கட்டணம் அது. ஹாஸ்யம் எழுதிய மனிதருக்கு இப்படி ஒரு கதையா என்று நினைக்கும்போது எனக்குப் பேனா ஓடமாட்டேனென்கிறது.

பிறகு யந்திரம் வந்தது. 1965இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களான ஜெப் டார், வான் மாரில் என்பவர்களும் அவர்களுடைய நண்பர்களும் 'ஆபரேஷன் மாட்ச்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 3 டாலர் கட்டி, நீண்ட கேள்வித்தாளைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்துப் பெயர்களை அச்சடித்துக் கொடுக்கும். நம் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்தார் என்றால், அது நூறுக்கு மேல் பார்த்தது. 1995இல் இணையத்தில் 'மாட்ச்.காம்' வந்தது. அதன் ஸ்தாபகர் கேரி கிரெமன் ஒரு சம்பவத்தைத் தாமே சொல்லியிருக்கிறார்: அவருடைய காதலி அவரை விட்டுவிட்டு வேறொருவருடன் போய்விட்டாள், அந்த வேறொருவரை அவள் கண்டுபிடித்தது மாட்ச்.காமில்தான். தம்முடைய கடைச்சரக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்?

அதுவரை பெரும்பாலும் கட்டணம்தான் நியதி. 2003இல் ஓர் இனாம் தளம் வந்தது. கனடா தேசத்து வான்கூவரில் மார்க்கஸ் பிரின்ட் என்ற இளைஞர், 'கடலில் மீனுக்கா பஞ்சம்' என்று சொல்வதைப்போல் 'பிளென்டி ஆஃப் ஃபிஷ்' என்று பெயர் வைத்துத் தனி ஆளாக ஒரு தளத்தை நடத்தினார். விளம்பர வருமானமே அவருக்குப் போதுமாயிருந்தது. மறு வருஷம் கணிதம் படித்த ஹார்வர்டு நண்பர்கள் நால்வர் 'ஓகேகியூபிட்' தொடங்கினார்கள். அவர்களும் காசு கேட்கவில்லை. 2010இல் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துணை தேடுவதற்கு யாரும் பணமே கொடுக்கக் கூடாது என்பது அதன் வாதம். கட்டணத் தளங்களில் தென்படும் முகங்களில் அநேகம் சந்தா கட்டாதவர்களுடையவை. அவர்களால் பதில் எழுத முடியாது. பணம் கட்டியவன் பதில் வராத கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2011 பிப்ரவரியில் மாட்ச்.காம் நிறுவனமே ஓகேகியூபிட்டை 5 கோடி டாலருக்கு வாங்கிற்று. வாங்கின கையோடு அந்தக் கட்டுரை இணையத்திலிருந்து காணாமற்போயிற்று. பிரின்ட்டின் மீன்களையும் 2015இல் அதே குழுமம் 57.5 கோடி டாலருக்கு வலைபோட்டுப் பிடித்தது.

இதற்கிடையில் 2012இல் 'டிண்டர்' செயலி வந்தது. திரையில் ஒரு முகம் தோன்றும். பிடிக்கவில்லையானால் விரலால் இடப்பக்கம் தள்ள வேண்டும், பிடித்தால் வலப்பக்கம். இருவரும் வலப்பக்கம் தள்ளினால்தான் பேச முடியும். இதில் ஒரு கருணையும் உண்டு. நிராகரிக்கப்பட்டவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. தான் சம்மதிக்காத எவனும் தனக்குக் கடிதம் எழுத முடியாது என்ற நிம்மதி பெண்ணுக்கும் உண்டு. பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்து போனவர்களை நினைத்துப் பார்க்கிறவர்கள், இந்தக் கருணையைக் குறைவாக மதிக்க மாட்டார்கள்.

பலன் இல்லாமலும் போகவில்லை. 2017இல் அமெரிக்காவில் சந்தித்துச் சேர்ந்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவிகிதம் இணையத்தின் மூலம் சந்தித்தவர்கள் என்று ஸ்டான்போர்டு பேராசிரியர் மைக்கேல் ரோசன்பெல்டும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்டார்கள். ஒரு பாலினத்தவரே சேர்ந்த ஜோடிகளில் அது சுமார் 65 சதவிகிதம். பாரெட்டின் பத்திரிகையில் ஜாடையாக எழுதியவர்களின் வாரிசுகள் அவர்கள். இனாமாகத் திறந்த வாசலில் மோசக்காரர்களும் நுழைந்தார்கள் என்பது வாஸ்தவம். 2022இல் மட்டும் காதல் மோசடியில் 130 கோடி டாலர் பறிபோனதாக அமெரிக்க அரசாங்கத்திடம் சுமார் 70,000 பேர் முறையிட்டார்கள்.

ஆனால் டிண்டரின் இனாமும் நெடுநாள் தனியாக நிற்கவில்லை. 2015 மார்ச்சில் கூடுதல் வசதிகளுக்கு மாதக் கட்டணம் வைத்தார்கள். தவறிப்போய் இடப்பக்கம் தள்ளிய முகத்தைத் திரும்ப அழைப்பது முதலிய வசதிகள். அமெரிக்காவில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 9.99 டாலர், 30ஐத் தொட்டவர்களுக்கு 19.99 டாலர். வயது ஏற ஏறத் துணை கிடைப்பது கடினம். ஆகவே அவன் கொடுப்பான்! இளைஞர்களிடம் காசு குறைவு, அதனால்தான் சலுகை என்பது நிறுவனத்தின் சமாதானம். சுமார் 30 வயதுள்ள நம் லண்டன் கனவான் இருந்திருந்தால் அவருக்கும் இரட்டைக் கட்டணம் விழுந்திருக்கக்கூடும்.

கலிபோர்னியாவில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார், அப்பீல் செய்தார். வயதை மட்டும் வைத்து ஒருவனுடைய பணப்பையை அளக்கக் கூடாது, இது அந்த மாகாணச் சட்டத்துக்கு விரோதமான பாரபட்சம் என்று 2018 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று. அந்த நீதிபதிகளுக்கும் கொஞ்சம் ஹாஸ்யம் தெரிந்திருக்கிறது. கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை ரத்து செய்யும்போது, டிண்டரின் வாதத்தைத் தாங்கள் இடப்பக்கம் தள்ளிவிடுவதாகவே எழுதிவைத்தார்கள்.