போட்டி இடர்கள்: புற்றுநோய்ப் பரவல் கணிப்பில்

புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுமுன்பே நோயாளி மாரடைப்பிலோ நிமோனியாவிலோ இறந்துவிடலாம். ஆராயும் நிகழ்வுக்கு இடமின்றி முந்திக்கொள்ளும் இத்தகைய நிகழ்வுகளைப் புள்ளியியலார் போட்டி இடர்கள் என்பர்.

இத்தகைய இடர்களைக் கணக்கிட வழிகாட்டியது பெரியம்மை. அந்நோயால் எவரும் சாகாவிட்டால் அன்று 26 ஆண்டு 7 மாதமாக இருந்த சராசரி ஆயுள் 29 ஆண்டு 9 மாதமாகும் என டேனியல் பெர்னூலி 1760இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கணித்துக் காட்டினார்.

1958இல் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் வெளியிட்ட, உயிர்வாழ்வு வாய்ப்பை மதிப்பிடும் முறை மருத்துவ ஆய்வின் அன்றாடக் கருவியாயிற்று. பாதியில் தொடர்பு விட்டுப்போனவருக்கும், தொடர்ந்து கண்காணிக்கப்படுபவருக்கு உள்ள அதே வாய்ப்பு உண்டு என்று அது கொள்கிறது. ஊர் மாறிப்போனவருக்கு இது பொருந்தும். இறந்தவருக்கு எப்படிப் பொருந்தும்? ஆயினும் பல ஆய்வுகள் இருவரையும் ஒன்றாகவே நடத்தின. 100 முதியவரில் 40 பேர் முதலில் இதயநோயால் இறந்து, எஞ்சிய 60 பேரில் 15 பேருக்குப் பின்னர் புற்று பரவியது என்று கொள்வோம். பரவியது 15 விழுக்காட்டினருக்கே. இம்முறையோ 15ஐ 60ஆல் வகுத்து 25 விழுக்காடு என்று காட்டும். அதை நம்பி, தேவைப்படாதவருக்கும் கடுமையான சிகிச்சை பரிந்துரைக்க நேரும்.

போட்டி இடர்கள் ஒன்றையொன்று சார்ந்தவையா என்பதைத் தரவை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது என 1975இல் அனஸ்தாசியோஸ் சியாட்டிஸ் நிறுவினார். 1978இல் ராஸ் பிரென்டிசும் உடன் ஆய்வாளர்களும் ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய இடர்வீதத்தை, அதாவது அந்நிகழ்வு அவ்வப்போது நேரும் வேகத்தை, தனித்தனியே மதிப்பிடுமாறு வற்புறுத்தினர். அதே ஆண்டு ஆலன், யோஹான்சன் இருவரும் மேற்கண்ட 15 விழுக்காட்டைச் சரியாகத் தரும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். 1988இல் ராபர்ட் கிரே, நோயாளிக் குழுக்களை ஒப்பிடும் சோதனையைச் சேர்த்தார்.

1999இல் ஜேசன் ஃபைனும் கிரேயும் அமைத்த மாதிரி இன்று பரவலாகப் புழங்குகிறது. பிற காரணத்தால் இறந்தவரையும் அது இடருக்கு உள்ளானோர் பட்டியலிலேயே வைத்திருக்கும்! விசித்திரம்தான், ஆனால் ஒருவருக்கு 10 ஆண்டில் பரவும் வாய்ப்பு என்ன என்று கணிக்க அது உதவுகிறது. நோய் ஏன் பரவுகிறது என்று ஆராய்பவருக்குக் காரணவாரி இடர்வீதமே ஏற்றது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகள் குறைவல்ல.

முதுமையில் தோன்றும் புராஸ்டேட் புற்றில் போட்டி இடர்களைக் கணக்கில் கொள்ளும் தேவை கண்கூடு. கனெக்டிகட்டில் தீவிர சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்ட 767 ஆண்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வில், வீரியம் குறைந்த கட்டி கொண்டோரில் அப்புற்றால் இறந்தவர் மிகச் சிலரே.

2014 முதல் சமவாய்ப்புக் காடுகள் எனும் இயந்திரக் கற்றல் முறையும், பின்னர் ஆழ்கற்றல் வலைகளும் இத்துறைக்கு வந்துள்ளன. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது: பரவல் தெரியவருவது ஸ்கேன் எடுத்த நாளில்தான். இரு ஸ்கேன்களுக்கு இடையில் இறந்தவருக்குப் புற்று பரவியிருந்ததா என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை.