பார்பரா கோர்டனின் சக்கர நாற்காலி

கொமிக்ஸ் பற்றி எழுதப்போகிறேன் என்றால், "இது சிறுபிள்ளைச் சமாச்சாரம் அல்லவா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பற்கேர்ள் என்ற பாத்திரத்தின் கதையை அவர்கள் அறிந்திருக்கவில்லை என்பதே எனது பதில்.

இப்பாத்திரம் பிறந்ததற்குக் காரணம் வியாபாரம்தான். ஏபிசி தொலைக்காட்சியில் பற்மன் தொடருக்கு மவுசு குறையத் தொடங்கியபோது, தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் புதிய கதாநாயகி ஒருத்தியை வேண்டி நின்றார். கார்ட்னர் ஃபொக்ஸ் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ வரைய, 1967 ஜனவரி திகதியிட்ட 'டிடெக்டிவ் கொமிக்ஸ்' 359ஆவது இதழில் பார்பரா கோர்டன் அறிமுகமானாள். பொலிஸ் ஆணையாளரின் மகள். கலாநிதிப் பட்டம் பெற்ற நூலகர். அதே ஆண்டு செப்டெம்பரில் இவோன் கிரெய்க் அந்த வேடத்தில் சின்னத்திரைக்கு வந்தார். எனினும் 1968 மார்ச்சில் தொடர் நின்றுபோயிற்று. அதே ஆண்டு ஃபில்மேஷன் நிறுவனத்தின் அனிமேஷன் தொடரிலும் பின்னர் 1977இலும் பற்கேர்ள் தோன்றினாள். அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை.

1988இல் அலன் மூர் எழுதி, பிரையன் பொலண்ட் வரைந்த 'த கில்லிங் ஜோக்' வெளிவந்தது. வீட்டுக் கதவைத் திறந்த பார்பராவை ஜோக்கர் சுடுகிறான். குண்டு முதுகெலும்பைத் தாக்க, அவளுடைய கால்கள் செயலிழக்கின்றன. அக்கதையில் அவளது வேதனை அவளுக்குரியதன்று. தந்தையையும் பற்மனையும் வதைப்பதற்கான கருவி மாத்திரமே. மூர் அவர்களே பிற்காலத்தில் அதுபற்றி அதிருப்தி வெளியிட்டார். பத்திரிகைத் துறையிலும் இதனைக் கண்டிருக்கிறேன்: காயப்பட்டவர் ஒருநாள் தலைப்புச் செய்தி, மறுநாள் அவர் என்ன ஆனார் என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருவர். எழுத்தாளர்களான ஜோன் ஒஸ்ட்ராண்டரும் அவரது மனைவி கிம் யேலும் பார்பராவை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' இதழில் 'ஒராக்கிள்' என்ற பெயருடைய, முகம் காட்டாத ஒருவர் கணினி வழியாகத் தகவல் அனுப்பத் தொடங்கினார். அது பார்பராவே என்பது 1990இல்தான் வாசகருக்குத் தெரியவந்தது. அற்புத சிகிச்சை எதுவும் நிகழவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, ஒரு நூலகரின் பழைய திறமையாகிய தகவல் திரட்டலைக் கொண்டு, வீரர்கள் அனைவரும் நாடும் ஒருத்தியானாள். இரவு முழுவதும் செய்தி மேசையில் விழித்திருந்தவன் என்ற வகையில், பறந்து திரியும் வீரர்களைவிட இவளே எனக்கு நெருக்கமானவள்.

அனிமேஷன் தொலைக்காட்சியோ நீண்டகாலம் அவளை எழுந்து நடப்பவளாகவே வைத்திருந்தது. 1993இல் ஒளிபரப்பான 'ஷடோ ஒஃப் த பற்' என்ற இரு பாகக் கதையில், பொய்க் குற்றச்சாட்டில் கைதான தந்தைக்காக அவள் முகமூடி அணிகிறாள். 1998இல் வந்த 'ஓவர் த எட்ஜ்' அதைவிடக் கனமானது. கூரையிலிருந்து தள்ளப்பட்டு, தந்தையின் பொலிஸ் வாகனத்தின் மீதே விழுந்து இறக்கிறாள். மகளின் இரகசியத்தை அந்தக் கணத்தில் அறியும் தந்தை, பற்மனை வேட்டையாடப் புறப்படுகிறார். இறுதியில் அனைத்தும் நச்சு வாயுவால் அவள் கண்ட கனவு எனத் தெரிகிறது. ஆயினும் தந்தையிடம் உண்மையை மறைத்ததன் அச்சம் கனவன்று. சிறுவர் தொடரொன்று இவ்வளவு தூரம் சென்றதை எண்ணி வியந்திருக்கிறேன். 1999இல் தொடங்கிய 'பற்மன் பியொண்ட்' தொடரில் அவள் முதிர்ந்த வயதுப் பொலிஸ் ஆணையாளர். தந்தை இருந்த அதே ஆசனம்.

2011இல் டிசி நிறுவனம் தன் கதைகளைப் புதிதாகத் தொடங்கியபோது, பார்பரா குணமடைந்து மீண்டும் பற்கேர்ள் ஆனாள். எழுதியவர் கெய்ல் சிமோன்; பெண் பாத்திரங்கள் ஆண்களின் கதைக்காகவே சிதைக்கப்படுவதை 1999இலேயே பட்டியலிட்டுக் காட்டியவர். அவரது எழுத்தில் குறையில்லை. ஆனால் ஒராக்கிளில் தம்மைக் கண்ட மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் மனம் வருந்தினர். அவர்களுக்கு அது குணமடைதலாகத் தோன்றவில்லை, இழப்பாகவே தோன்றியது. நான் அவர்கள் பக்கம்.

2022 ஓகஸ்டில், ஏறக்குறைய முடிவடைந்திருந்த 'பற்கேர்ள்' திரைப்படத்தை வோர்னர் நிறுவனம் வெளியிடாமலே கைவிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 2019இல், 'யங் ஜஸ்டிஸ்' அனிமேஷன் தொடரின் மூன்றாம் பருவத்தில் ஒராக்கிள் தோன்றினாள், சக்கர நாற்காலியில், கணினித் திரைகளின் முன்னால்.