ரப்பர்ப் பாலும் மிதிவண்டியும்



ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் போக்குவரத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாட்டு வண்டி, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், கார், விமானம் என்று கரும்பலகையில் ஏணிப்படி போல எழுதிவிட்டு, "மனிதன் இப்படித்தான் படிப்படியாக முன்னேறினான்" என்றேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "ஐயா, எங்க மாமா சிங்கப்பூர்ல நல்ல வேலையில இருக்காரு. அவரு இன்னும் சைக்கிள்தான் ஓட்டுறாரு. அப்போ அவரு முன்னேறலையா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோது நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பள்ளி விடுமுறையில் செங்காங்கில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரும் மிதிவண்டிப் பிரியர். அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைச் சுவரில், சாமி படத்துக்கு எதிரே, அந்த வண்டி தொங்குகிறது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். எட்டு கிலோ கூட இராது என்று தோன்றியது. நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளோ ஓர் அரிசி மூட்டை கனம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் காற்றடித்தார். சங்கிலியைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் விட்டார். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, இருக்கையின் அடியில் ஒரு சிறு பையில் உபரி டியூப். பிறகு மின்தூக்கியில் வண்டியோடு கீழே இறங்கினார். காலைக் கோப்பிக்குத் தேக்காவுக்குப் போகிறாராம்!

செங்காங் என்னும் பெயருக்குச் 'செழிப்பான துறைமுகம்' என்று சீன மொழியில் பொருள். ஒரு காலத்தில் அதன் அருகே சிராங்கூன் ஆற்றங்கரையில் காங்கார் என்ற மீனவர் கிராமம் இருந்தது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். இன்று அங்கே மாடி வீடுகளும், 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரயில் நிலையமும், ரிவர்வேல் பகுதியில் ஒரு முருகன் கோயிலும் இருக்கின்றன. தேக்காவில் தொடங்கும் சிராங்கூன் சாலை, மேல் சிராங்கூன் சாலையாக நீண்டு, அந்தக் காங்கார் வரைக்கும் போய்த்தான் அந்நாளில் முடிந்தது. நம் கட்டைக் கணக்கில் ஏழு எட்டுக் கட்டை தூரம் இருக்கும். ஒரு முனையில் மாட்டுச் சந்தையும் பால்காரர்களும், மறு முனையில் மீன் சந்தை. அந்தச் சாலையைத்தான் என் அத்தை மகன் ஞாயிறுதோறும் மிதிக்கிறார்.

அவர் மிதிக்கும் சக்கரத்தின் வரலாறு நம் தோட்டத்து வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1817-இல் ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒரு வண்டி செய்தார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். 1860-களில் பாரிஸ் நகரில் மிதிகட்டை வந்தது. இரும்புப் பட்டை அடித்த அந்தச் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் ஓடியபோது ஏறியவரின் எலும்பெல்லாம் குலுங்கியது. அதற்கு மக்கள் வைத்த பெயரே 'எலும்பு குலுக்கி'. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், இன்று நாம் காண்பது போல இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுச் சக்கரமாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியைச் செய்தார். ஆயினும் குலுக்கல் நிற்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துப் பார்த்தார். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தாம்சன் என்பவர் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது வேறு கதை. அன்று அதை வாங்குவார் இல்லை. 1889-இல் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய வண்டி வென்ற பிறகு உலகமே அதைக் கேட்டது.

அவ்வளவு ரப்பருக்கு எங்கே போவது? முதலில் அமேசான் காடுகளிலும் ஆப்பிரிக்காவின் காங்கோவிலும் காட்டு ரப்பரை எடுத்தார்கள். காங்கோவில் கணக்குக் குறைந்தவர்களின் கையை வெட்டிய கொடுமை, 1904-இல் கேஸ்மென்ட் என்பவரின் அறிக்கையால் உலகுக்குத் தெரியவந்தது. ஐரோப்பாவில் கனவான்கள் மாலை உலா போன சக்கரத்தில் அந்த இரத்தமும் இருந்தது.

இதற்கு முன்பே, 1876-இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரம் சாகாமல் பட்டையில் சாய்வாகக் கீறி நாள்தோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். காண்கிற தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் முதன்முதலாக ரப்பரைத் தோட்டப் பயிராகப் பயிரிட்டார். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி ஊருக்குப் போனார், ஆள் கட்டினார், நம் முன்னோர் கப்பலேறினார்கள். 1910 முதல் டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. உளியைப் பிடித்த கைதான் உலகத்தின் சக்கரத்தை உருட்டியது.

ஆனால் அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு சக்கரம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் முதலில் சைக்கிள் வைத்திருந்தவர் கிராணி, அடுத்து கங்காணி. மற்றவர்களுக்குப் பெரட்டுக்கும் நடை, நிரைக்கும் நடை. டவுனுக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் பிழைப்பே போய்விடும். ஆகவே தோட்டத்துக் கடையில் சொன்னதுதான் விலை, அங்கே எழுதியதுதான் கணக்கு. ஒரு லயத்துக்கு ஒரு சைக்கிள் வந்த பிறகுதான் பக்கத்துத் தோட்டத்தில் என்ன சம்பளம், டவுனில் அரிசி என்ன விலை என்பதெல்லாம் அன்றைக்கன்றே தெரியலாயிற்று. பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு போக உதவியதும் அதுதான். சைக்கிளைப் பாரம் சுமக்கும் வண்டி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அது செய்தியையும் சுமந்தது.

அந்தச் சைக்கிள்களையும் ஒரு போர் வந்து பிடுங்கிக்கொண்டது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அவர்களுடைய காலாட்படையில் பெரும்பகுதி மிதிவண்டியில் வந்தது. பிரிட்டிஷ் படை பாலங்களைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது. லாரி நின்றுவிடும். சைக்கிளையோ தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிடலாம். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலிவு விலையில் மலாயாவெங்கும் விற்பனையாகியிருந்ததால், வழியிலுள்ள ஊர்களில் உதிரிப் பாகமும் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் மக்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். டயர் பழுதானபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்த ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிரிகள் அஞ்சினார்கள் என்றும் அப்படையின் அதிகாரி சுஜி எழுதியிருக்கிறார். 55 நாட்களில் சுமார் 1,100 கிலோமீட்டர் கடந்து ஜொகூர் பாருவை அடைந்தார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் ரப்பர் விளையும் நாட்டிலேயே டயருக்குப் பஞ்சம் வந்தது. தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அந்தக் கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

போருக்குப் பின் சிங்கப்பூரை நடத்தியது மிதிவண்டிதான் என்றாலும் தகும். 1947-இல் மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தடை செய்தார்கள். மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி அதன் இடத்தைப் பிடித்தது. தேக்காவில் எருமைச் சாலை என்றும் கெர்பாவ் சாலை என்றும் இரண்டு தெருக்கள் உண்டு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான்! அப்பகுதிப் பால்காரர்கள் பாத்திரங்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ரொட்டிக்கார பாய் பின்னால் பெட்டி கட்டி, மணியடித்துக்கொண்டு வந்தார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். சைக்கிளுக்கும் அக்காலத்தில் எண் பட்டை உண்டு.

பிறகு பேருந்தும் காரும் பெருகவே, சைக்கிள் ஏழையின் வண்டி என்று பெயர் வாங்கிக்கொண்டது. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. சிங்கப்பூரில் கார் வாங்க 1990 முதல் உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023-இல் சிறிய காருக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. வெறும் காகிதத்துக்கு அந்த விலை! கால்பலத்தில் ஓடும் மிதிவண்டிக்கு அந்தக் காகிதம் வேண்டாம். செங்காங், பொங்கோல், புவாங்கோக் பூங்காக்களை இணைத்து 26 கிலோமீட்டர் நீளத்தில் ஆற்றோரமாகப் பாதையும் போட்டிருக்கிறார்கள். விதிகளும் உண்டு. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிவண்டிப் பாதையில் 25. சாலையில் ஓட்டுவோர் 2019 முதல் தலைக்கவசம் அணிய வேண்டும். 2022 முதல் ஒரு வரிசையில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து போகக் கூடாது, இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர் வரை போகலாம். விதியை மீறினால் 150 வெள்ளி அபராதம்.

அந்தப் பாதையில் இரண்டு வகை ஆட்களைப் பார்த்தேன். என் அத்தை மகனைப் போல உடலை ஒட்டிய சட்டையும் விலையுயர்ந்த வண்டியுமாகப் போகிறவர்கள் ஒரு வகை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வேலைக்குப் போகிற தொழிலாளர்கள் இன்னொரு வகை. முன்னவர் பொழுதுபோக்குக்கு மிதிக்கிறார், பின்னவர் பேருந்துக் காசை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்ப மிதிக்கிறார். பையனின் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் அவன் மாமா இவர்களில் யார் என்று கேட்க வேண்டும். அதைவிட முதலில், கரும்பலகையில் நான் வரைந்த ஏணியை அழிக்க வேண்டும். பள்ளி திறந்ததும் அதைத்தான் செய்தேன்.

அன்று காலை இன்னொன்றும் கேட்டேன். "ஏன் மச்சான், தினமும் காற்றடிக்க வேண்டுமா? டியூபில் ஓட்டையா?" என்றேன். அவர் சிரித்தார். சாதாரண டியூப் செயற்கை ரப்பர், அதில் காற்று பல நாள் நிற்கும். இதுவோ அசல் ரப்பர்ப் பாலில் செய்தது, மெல்லியது, நன்றாக வளைந்து கொடுக்கும், அதனால் வேகமாக உருளும், ஆனால் ஒரே இரவில் காற்று இறங்கிவிடும் என்றார். பந்தய வீரர்கள் கூடுதல் விலை கொடுத்து இதைத்தான் வாங்குகிறார்களாம். பழைய டியூப் ஒன்றை என் கையில் கொடுத்தார். மங்கிலிருந்து உரித்த காய்ந்த பாலின் அதே நிறம். முகர்ந்து பார்த்தேன். வாசனை லேசாக இருந்தது.