போட்டோஷாப்பைப் புதுப்பித்ததும் பிளகின் தகராறா? முதலில் ஷிஃப்ட் விசை

கல்யாண ஆல்பத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். முன்பணமும் வாங்கியாயிற்று. இந்த நேரத்தில் போட்டோஷாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றினால், முகத்தைச் சீராக்க நம்பியிருந்த பிளகின் மெனுவில் காணாமல் போகிறது; அல்லது மென்பொருளே திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. சிறு ஊர்களில் ஒரே கணினியை வைத்து ஸ்டூடியோ நடத்துபவர்களுக்கு இது ஒரு நாள் வருமானப் பிரச்சினை மட்டுமல்ல, பெயர் கெடும் பிரச்சினையும்கூட.

கணினியை ஃபார்மேட் செய்யக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் ஒரு சோதனை இருக்கிறது. போட்டோஷாப்பைத் திறந்த உடனே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கூடுதல் பிளகின்களையும் வெளி நிறுவனப் பிளகின்களையும் ஏற்றாமல் விடலாமா என்று கேள்வி வரும். 'யெஸ்' கொடுத்துத் திறந்த பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடினால், குற்றவாளி பிளகின்தான். அப்போதும் மூடிக்கொண்டால் கோளாறு வேறு இடத்தில். கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரையோ பழைய அமைப்புகளையோ பார்க்க வேண்டும்.

எந்தப் பிளகின் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவர்களே அதிகம். அது வீண் வேலை. பிளகின் கோப்புறையில் உள்ளவற்றில் பாதியை வெளியே நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். சிக்கல் போய்விட்டால் நகர்த்திய பாதியில்தான் அது இருக்கிறது. போகவில்லை என்றால் மீதிப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால், 16 பிளகின்களில் தகராறு செய்யும் ஒன்றை 4 சுற்றில் பிடித்துவிடலாம். விண்டோஸில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: புரோகிராம் ஃபைல்ஸில் அந்தந்தப் போட்டோஷாப் பதிப்புக்குள் இருக்கும் 'பிளக்-இன்ஸ்' கோப்புறை ஒன்று, காமன் ஃபைல்ஸில் அடோபியின் கீழ் இருக்கும் பொதுக் கோப்புறை மற்றொன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிளகின் காணாமல் போனது மட்டுமே பிரச்சினை என்றால் அது மோதல் அல்ல. ஆண்டுப் பதிப்பு மாறும்போது புதிய கோப்புறை உருவாகிறது; பழைய அமைப்புகள் வந்து சேர்ந்தாலும் வெளி நிறுவனப் பிளகின்கள் தாமாக வருவதில்லை. பழைய கோப்புறையிலிருந்து காப்பி செய்து ஒட்டுவதுதான் பாதித் தகராறுக்குக் காரணம். தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கி, முறையாக நிறுவுவதே சரி. மெனுவில் பெயர் மங்கலாகத் தெரிந்தால் படம் சிஎம்ஒய்கேயில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபில்டர்கள் ஆர்ஜிபியில்தான் வேலை செய்யும்.

சில பிளகின்களுக்கு வயதாகிவிட்டது. நிக் கலெக்‌ஷனை கூகுள் 2016-இல் இலவசமாக விட்டபோது அதை இறக்கி வைத்தவர்கள் ஏராளம். 2017-இல் அதை டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கியது. பழைய இலவசப் பதிப்பு அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை. இன்றைய போட்டோஷாப்பில் அது தடுமாறுவதில் வியப்பில்லை. 32-பிட் பிளகின்கள் 64-பிட் போட்டோஷாப்பில் ஏறவே ஏறாது. ஆப்பிளின் எம் வகைச் சில்லு உள்ள மேக்கில், இன்டெலுக்காக எழுதிய பிளகின்களைப் பயன்படுத்த போட்டோஷாப்பை ரோசெட்டா வழியாகத் திறக்க வேண்டியிருக்கும். வேகம் குறையும், தற்காலிக வழிதான்.

திருட்டுப் பிளகின்களுக்கு மருந்தே கிடையாது. புதிய பதிப்பும் வராது, கேட்க ஆளும் இல்லை.

அமைப்புகளை மீட்டமைப்பது கடைசி வழி. அதற்கு முன் ஆக்‌ஷன்களையும் பிரஷ்களையும் தனிக் கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டும். பிறகு திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கலாம்.

இத்தனை அலைச்சலையும் தவிர்க்க ஒரு சின்னக் கட்டம் போதும். ஆண்டுப் பதிப்பை ஏற்றும்போது கிரியேட்டிவ் கிளவுட் செயலியில், பழைய பதிப்புகளை நீக்கும் தெரிவு வருகிறதா என்று பார்த்து, குறியிட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். பழையதும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஆல்பத்தைப் பழையதில் முடித்துக் கொடுத்துவிட்டு, பிளகின்களைப் புதியதில் ஆற அமரச் சோதிக்கலாம். நீக்கிய பிறகு தேடினால் எல்லாப் பழைய பதிப்பும் கிடைக்காது. அண்மைப் பதிப்புகளை மட்டுமே அடோபி தருகிறது.