குளோசாபின்: கைவிடப்பட்ட மருந்து திரும்பி வந்த கதை

மனநோய் மருந்து என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் முதலில் கேட்பது, "அதைச் சாப்பிட்டால் உடம்பு கெட்டுப் போகாதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. குளோசாபின் என்ற மருந்தின் வரலாற்றில் அதற்கு நல்லதொரு விடை இருக்கிறது.

மனச்சிதைவு நோய்க்கு உருப்படியான மருந்து கிடைத்தது 1952-இல்தான். பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசினைக் கொடுத்தபோது, இல்லாத குரல்கள் கேட்பதும் வீண் சந்தேகமும் பலருக்குத் தணிந்தன. ஆனால் கை நடுங்கியது, உடல் விறைத்தது. நாளடைவில் சிலருக்கு நாக்கும் வாயும் தாமாகவே அசையத் தொடங்கின. நடுக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிய மருத்துவர்களும் அன்று இருந்தார்கள்!

சுவிட்சர்லாந்தில் உருவான குளோசாபின் அந்த நடுக்கத்தைத் தரவில்லை. 1975-இல் பின்லாந்தில் விற்பனைக்கு வந்தது. சில மாதங்களிலேயே அங்கே எட்டு நோயாளிகள் இறந்துபோனார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அவர்கள் இரத்தத்தில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. பல நாடுகளில் மருந்து மூலைக்குப் போனது.

ஆனால் முற்றிலும் மறையவில்லை. வேறெந்த மருந்துக்கும் மசியாத நோயாளிகள் சிலர் இதில்தான் தேறியிருந்தார்கள். அவர்களை எப்படிக் கைவிடுவது? 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகள் பயன்தராத 268 பேர் ஆறு வாரம் கவனிக்கப்பட்டார்கள். குளோசாபின் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினர் தேறினர். குளோர்புரோமசின் எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினர்தான். மறு ஆண்டே அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால்தான் அடுத்த மாத்திரை.

பிறகு அதே பின்லாந்தில் 66,881 நோயாளிகளின் பதினோரு ஆண்டுப் பதிவுகளை அலசினார்கள். 2009-இல் வந்த முடிவு பலரையும் வியக்க வைத்தது. அங்கு அதிகம் பயன்பட்ட மனநோய் மருந்துகளில், குளோசாபின் எடுத்தவர்களிடையேதான் இறப்பு மிகக் குறைவு, தற்கொலையும் குறைவு. மருந்தே எடுக்காதவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். மருத்துவமனையில் இருந்தபோது நேர்ந்த இறப்புகளை இந்த ஆய்வு விட்டுவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது.

இந்த மருந்து சாதுவானதல்ல. எடை கூடும், சர்க்கரை ஏறும், இதயத் தசை வீங்கலாம். சாதாரணமாக நினைக்கும் மலச்சிக்கல்கூட முற்றி உயிரை வாங்கியிருக்கிறது. வீட்டார் கூச்சப்படாமல் கேட்டுக் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே மருந்து தரவேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2025-இல் தளர்த்தியது. ஆனால் இரத்தத்தைப் பரிசோதிக்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்லும் அறிவுரை அங்கே இன்னும் நீடிக்கிறது.