புரவலர் வாயிலும் விழா மேடையும்: மாங்கணியார் இசைஞர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாட்டாரிசை சருவதேச விழாக்களுக்குச் செல்லும்போது அதன் தூய்மை கெடுகின்றதா என்ற வினா ஆய்வாளரிடையே அடிக்கடி எழுப்பப்படுவதுண்டு. இசையைப் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, இசைப்போரை மறந்துவிட்டு எழுப்பப்படுவதாகும். மேடைக்கு வருமுன் அவ்விசைஞர் யாருக்காக, எந்நிபந்தனைகளின் கீழ் இசைத்தனர்? மேடைக்கு வந்தபின் அந்நிபந்தனைகளை வகுப்போர் யாவர்? இவையே வரலாற்று நோக்கில் முதன்மையான வினாக்கள். விழா மேடைகளில் உலகப் புகழ்பெற்ற மேற்கு ராஜஸ்தானின் மாங்கணியார் சமூகத்தை முன்வைத்து இவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெய்சால்மர், பார்மர் ஆகிய பாலைநில மாவட்டங்களில் வாழும் மாங்கணியார்கள் முஸ்லிம்கள். அவர்களுடைய புரவலர்களுள் ராஜபுத்திர இந்துக்களே முதன்மையானவர்கள். புரவலர் குடும்பங்களுக்கும் இசைக் குடும்பங்களுக்குமிடையே தலைமுறை தலைமுறையாக வரும் இவ்வுறவு ஜஜ்மானி முறை எனப்படும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய நிகழ்வுகளில் பாடுவதும், புரவலரின் குலவரலாற்றை நினைவிற் பேணிப் புகழ்ந்துரைப்பதும் மாங்கணியாரின் கடமைகள். தானியம், ஆடு, ஒட்டகம், பணம் முதலியன அவர்கள் பெற்ற ஊதியம். 'கேட்டுப் பெறுதல்' என்னும் பொருள்தரும் சொல்லடியாகவே இச்சமூகத்தின் பெயர் விளக்கப்படுகின்றது. இரவலர், புரவலர் என்ற சங்க இலக்கியச் சொற்கள் இங்கு நினைவுக்கு வருவது இயல்பே. பாணரைச் சமூக அமைப்பினுள் வைத்து விளக்கிய கைலாசபதியின் ஆங்கில ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. அந்நூல் வற்புறுத்திய உண்மை இங்கும் பொருந்துவதாகும்: பாடலின் வடிவத்தைப் பாடுவோனின் சமூக நிலையிலிருந்து பிரித்தறிய முடியாது.

எனினும், இவ்வுறவை வெறும் இரத்தலாகக் கொள்வது தவறு. புரவலர் தம் கடமையினின்று வழுவினால், இசைஞர் அவ்வுறவை முறிக்கும் உரிமை பெற்றிருந்தனர். தலைப்பாகையையும் தம் கருவியின் நரம்புகளையும் புரவலர் வீட்டு வாயிலிற் புதைத்து உறவைத் துண்டிக்கும் வழக்கம், நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரியின் ஆய்வுகள்வழி அறியப்படுகின்றது. புகழ்பாடும் நாவே வசைபாடவும் வல்லது என்பதைப் புரவலர் அறிந்திருந்தனர். இதனைக் கொண்டு நிலமானிய முறைமையை அழகுபடுத்திக் காட்டுதல் பொருந்தாது. மாங்கணியார் சாதிப் படிநிலையிற் கீழேயே வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய பெண்கள் பொது மேடையிற் பாடுவது விலக்கப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வொடுக்குமுறையினுள்ளும் உழைப்பை மறுக்கும் வழியொன்று வழக்காறாக நிலைபெற்றிருந்தமை அவதானிக்கத்தக்கது.

1952ஆம் ஆண்டின் ராஜஸ்தான் ஜாகீர் மீட்புச் சட்டம் புரவலர்களின் பொருளாதார அடித்தளத்தைத் தகர்த்தது. நிலவருவாய் குன்றியபோது கொடையும் குன்றியது. இசைஞரின் கடமை மாத்திரம் வழக்கத்தின் வலிமையால் எஞ்சியது. இச்சூழலிலேயே, 1960இல் விஜய்தான் தேத்தாவுடன் இணைந்து போருந்தாக் கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய கோத்தாரி, இவ்விசையைப் பதிவுசெய்யவும் இசைஞரைப் புதுடில்லி மேடைக்கும் பின்னர் வெளிநாட்டு மேடைகளுக்கும் கொண்டுசெல்லவும் முற்பட்டார். இதனால் விளைந்த நன்மைகள் மறுக்கற்பாலன அல்ல. பணவருவாய் கிடைத்தது, புரவலரின் தயவு ஒன்றையே நம்பியிருந்த நிலை மாறியது. விலக்கை மீறி மேடையேறிய ருக்மா பாய் போன்ற பெண் பாடகர் புகழ் பெற்றனர். ஹமீரா ஊரைச் சேர்ந்த கமாய்ச்சாக் கலைஞர் சாகர் கான் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மேடையின் தாக்கத்தை இசைக்கருவிகளிலே தெளிவாகக் காணலாம். கமாய்ச்சா, மாமரக் கட்டையைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திச் செய்யப்படும் வில்லிசைக் கருவி. அதன் முதன்மை நரம்புகள் ஆட்டுக்குடலால் ஆனவை. அவற்றுடன் பரிவதிர்வு தரும் உருக்குக் கம்பிகளும் உண்டு. சிறு கூட்டத்தின் நடுவே பாடகரின் குரலைப் பின்தொடர்வதற்கு ஏற்ற ஆழ்ந்த ஓசை அதற்குரியது. அதனைச் செய்யவல்ல தச்சர் இன்று மிகச் சிலரே. இளைஞர் பலர் ஆர்மோனியத்தை நாடுகின்றனர். மறுபுறத்தில், கைக்கிரண்டாக நான்கு மரத்துண்டுகளைக் கொண்டு ஒலிக்கப்படும் கர்த்தால், விழா மேடையின் கவர்ச்சிப் பொருளாகிவிட்டது. மொழியறியாச் சபையோர் குலவரலாற்றுப் பாடலைச் சுவைக்க இயலாது. விரைந்து சுழலும் கைகளைக் கண்டு வியக்க இயலும். புதிய புரவலராகிய சபையோரின் தேவையே எக்கருவி முன்னிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

நாட்டார் கலைஞர் அனைவர்க்கும் பொதுவான முரண்பாடொன்றையும் இவ்விடத்துக் குறிப்பிடல் வேண்டும். 1985இல் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற இந்திய விழாவின் ஓர் அங்கமாக, வாஷிங்ரனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 'மேளா' என்னும் நிகழ்ச்சியை ஒழுங்குசெய்தது. இந்தியத் தெருக்கலைஞர்களும் நாட்டார் கைவினைஞர்களும் அங்கே தேசத்தின் பண்பாட்டுத் தூதுவராகப் பாராட்டப்பட்டனர். அதேவேளை, தில்லிக்கும் விரிவாக்கப்பட்டிருந்த 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்திற் பாடியும் ஆடியும் பொருள் பெறுவதை இரத்தலாக வரையறுத்திருந்தது. வெளிநாட்டு மேடையிற் கலை எனப்பட்டது தலைநகரின் தெருவிற் குற்றமாயிற்று. அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இலேயே செல்லுபடியற்றவை எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டில், கலைஞர் பலர் வாழ்ந்த கட்புத்லிக் குடியிருப்பு இடித்தழிக்கப்பட்டது.

மாங்கணியார் நிலையும் இதற்குப் புறம்பானதன்று. 2006இல் ரோய்ஸ்ரன் ஏபல் நெறிப்படுத்திய 'மாங்கணியார் செடக்‌ஷன்' என்னும் நிகழ்ச்சி, நான்கு அடுக்குகளாக அமைந்த சிவப்புத் திரையிட்ட பெட்டிகளுள் இசைஞரை அமர்த்தி உலகெங்கும் வலம்வந்தது. 2007 முதல் ஜோத்பூரின் மெஹ்ராங்கர் கோட்டையில் ஒக்ரோபர் முழுநிலவை ஒட்டிச் சருவதேச நாட்டாரிசை விழா நடத்தப்பட்டு வந்துள்ளது. அத்தகைய விழாக்கள் பெருகிய காலத்திலேதான், 2017 செப்ரெம்பரில், ஜெய்சால்மர் மாவட்டத்துத் தாந்தல் என்னும் ஊரில், சடங்கொன்றிற் பாடிய மாங்கணியார் பாடகர் ஒருவர், அவரது பாட்டுத் தெய்வத்தை வரவழைக்கவில்லை என்று பழிசுமத்தப்பட்டுத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அச்சங்கொண்ட இசைக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. உலக அரங்கிற் பெற்ற பெருமை ஊரில் உயிர்ப் பாதுகாப்பாக மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதே நமது ஆய்வுக்குரியது. விழா, இசையைப் பண்டமாக்கியது. இசைஞரின் நிலவுடைமையையோ ஊரிலுள்ள அதிகார உறவுகளையோ அது தொடவில்லை. பழைய புரவலர் வாயிலில் நரம்புகளைப் புதைத்து உறவை முறிக்க முடிந்தது. பிற இசைஞரும் அம்முறிவை மதித்தனர். இன்று ஒப்பந்தக்காரரும் விழா அமைப்பாளரும் தொலைவில் உள்ளனர். ஒருவர் மறுத்தால் அவ்விடத்துக்கு வேறொருவர் அழைக்கப்படலாம். கூட்டாக மறுக்கும் பழைய ஆற்றல் தளர்ந்தது. அதற்கீடான புதிய அமைப்பு இன்னும் வலிமை பெறவில்லை. ஆதலால், விழாக்களை வெறுத்துப் பழைய வாயிலுக்கு மீள்வது தீர்வாகாது. ஊதியம், பதிவுரிமை, பாடல் தெரிவு ஆகியவற்றில் இசைஞரே கூட்டாகத் தீர்மானம் செய்யும் அமைப்புகள் உருவாதல் வேண்டும். நாட்டார் கருவிகளின் அளவையும் சுருதியையும் பதிவுசெய்யும் ஆய்வாளர், அவற்றை இசைப்போர் எவ்வொப்பந்தத்தின் கீழ் இசைக்கின்றனர் என்பதையும் அதே ஏட்டிற் பதிவுசெய்தல் கடனாகும்.